சித்திரை வெயிலில் இங்கிலீஷ் ரோஜா: பூவை விடுங்கள், செடியைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: திருமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் பன்னீர் ரோஜா வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆப்ரகாம் டார்பி, கிரகாம் தாமஸ் என்ற இங்கிலீஷ் ரோஜா ஒட்டுச்செடிகள் இருபது வாங்கி வரப்போரம் நட்டேன். தை, மாசியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்தது. பங்குனி பிறந்ததும் பூ சிறுத்து, பத்துப் பதினைந்து இதழோடு வந்து, மதியத்துக்குள் வெளுத்துவிடுகிறது. சில குச்சிகள் ஆளுயரம் போய்விட்டன, பூவே இல்லை. இலை ஓரமும் கருகுகிறது. உரம் பத்தவில்லை என்கிறார் கடைக்காரர். உரத்தைக் கூட்டலாமா, இல்லை பிடுங்கிவிட்டுப் பன்னீர் ரோஜாவே வைக்கலாமா ஐயா?

பதில்: பிடுங்க வேண்டாம். உரமும் இப்போது வேண்டாம். சித்திரையில் யூரியாவோ காம்ப்ளக்ஸோ போட்டால் இளங்குருத்துதான் கிளம்பும். அது வெயிலில் கருகும், கருகாததைச் செம்பேன் பிடிக்கும்.

பூ சிறுப்பது நோய் இல்லை. இந்த ரகங்களை உருவாக்கிய டேவிட் ஆஸ்டினின் நாற்றங்கால் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் இருக்கிறது. அங்கே நடுக்கோடையிலும் பகல் வெப்பம் சராசரியாக 21, 22 டிகிரிதான். உங்கள் வரப்பில் இப்போது 39, 40. ரோஜா மொட்டுக்குள் இதழ்கள் உருவாகும் நாட்களில் குளிர்ச்சி இருந்தால் இதழ் எண்ணிக்கை கூடும். சூடு இருந்தால் மொட்டு அவசரமாக முதிர்ந்து, இருக்கும் இதழோடு விரிந்துவிடும். தையில் உங்களுக்கு வந்ததுதான் இந்தச் செடியின் உண்மையான பூ. இங்கிலாந்தில் அது குளிர்காலத்தில் ஓய்வெடுக்கிறது. நம் சமவெளியில் அதற்கான ஓய்வுக்காலம் பங்குனிக் கடைசியிலிருந்து ஆடி வரை. அந்த நாட்களில் பூ எதிர்பார்த்தால் செடியைத்தான் இழப்போம்.

அதனால் இப்போது வரும் மொட்டுகளை மிளகு அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். இலையைக் கிள்ளாதீர்கள், தண்டுக்கு நிழல் அந்த இலைதான். மதியம் ஒரு மணிக்கு மேல் விழும் மேற்கு வெயிலை மறைக்க 35 அல்லது 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேற்குப் புறமாகக் கட்டுங்கள். காலை வெயில் கட்டாயம் வேண்டும். வேர்ப்பகுதியில் கரும்புச் சோகையோ காய்ந்த சருகோ மூன்று அங்குலம் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆளுயரக் குச்சிகள். முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். ஒட்டு கட்டிய இடம் முடிச்சு போலத் தடித்திருக்கும். குச்சி அதற்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறு ரோஜாவின், தளிர். நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல. மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். கத்தரித்தால் மறுபடி தழையும்.

முடிச்சுக்கு மேலிருந்து வந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். இந்த இரண்டு ரகமும் சூடான ஊர்களில் கொடி மாதிரி நீளும் குணமுள்ளவை. 1983-ல் வந்த கிரகாம் தாமஸ் பத்து அடி கூடப் போகும். நேராக நிற்கும் குச்சியில் நுனிமொட்டு கீழே உள்ள கண்களை விழிக்க விடாது. அதைப் படுக்கை வசமாக வளைத்துக் கம்பியில் கட்டினால் நுனியின் அதிகாரம் போய், கணுவுக்குக் கணு பக்கத்தளிர் வந்து ஒவ்வொன்றிலும் பூ வைக்கும். ஆனால் இப்போது வளைக்காதீர்கள். படுத்த தண்டின் மேல்பட்டை இந்த வெயிலில் வெந்துவிடும். கார்த்திகை வரை பொறுங்கள்.

இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, அதிகாலையில், ஒரு முழம் ஆழம் இறங்கும்படி விடுங்கள். கோடை மழை பெய்தால் வரப்பில் தேங்காமல் பாத்திக்குள் இறங்க வழி செய்யுங்கள். உப்பைக் கழுவ அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. நரம்பு பச்சையாக இருந்து நடுவில் இளமஞ்சள் படர்ந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

செம்பேனையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளுக்கு மேல் இலையைத் தட்டினால் மிளகாய்ப்பொடி போல விழுந்து ஊர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடியுங்கள், வாரம் இரண்டு முறை. நனையும் கந்தகம் இப்போது வேண்டாம், இந்தச் சூட்டில் இலையையே எரிக்கும்.

கவாத்து பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. ஐப்பசியில் வெட்டுவது பலருக்கும் வழக்கம். நான் இந்த ரகங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். அடைமழையில் வெட்டுவாய் ஈரமாகவே இருந்து நுனிக்கருகல் மேலிருந்து கீழே இறங்கும். கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்த நாலு நாள் பார்த்து வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெட்டிய முனையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவுங்கள். நன்கு மட்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் அப்போது கொடுங்கள். ஏறக்குறைய ஏழு வாரத்தில், தைக் கடைசியில் முதல் பூ. பங்குனி தொடக்கத்தில் இரண்டாவது.

பன்னீர் ரோஜாவுக்குப் பதிலாக இதை வைக்கலாமா என்றால், வேண்டாம். நிலக்கோட்டை போன்ற பூச்சந்தையில் உதிரிப் பூ எடைக்குப் போகிறது. பூ ஆண்டு முழுக்க வர வேண்டும். இங்கிலீஷ் ரோஜா விரிந்ததும் இதழ் கொட்டும், பெட்டியில் போட்டு அனுப்பத் தாங்காது. அந்த இருபது செடியை வீட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்றிரண்டு ஆசைப்பட்டால் ஜூட் தி அப்ஸ்க்யூர் பாருங்கள், வறண்ட சூட்டை நன்றாகத் தாங்கும். மழை ஈரத்தில்தான் அதன் மொட்டு விரியாமல் அழுகும். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை வாங்காதீர்கள். 1961-ல் வந்த அந்த ரகம் குளிர்காலம் கடந்து வருடத்துக்கு ஒரே முறை பூப்பது. திருமங்கலத்தில் அது வெறும் முள்வேலியாகத்தான் நிற்கும்.