ஸ்டென்ட் வைத்த அப்பா மாத்திரையைத் தவிர்க்கிறார், என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மாரடைப்பு வந்து, ஐந்து மாதங்களுக்கு முன்பு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது இதய ரத்தக் குழாயின் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். முதல் இரண்டு மாதம் மாத்திரை, நடைப்பயிற்சி எல்லாம் ஒழுங்காக இருந்தது. இப்போது "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று பாதி நாள் மாத்திரையை விட்டுவிடுகிறார். சொன்னால் சண்டைதான் வருகிறது.
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், அதோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலர், இந்த இரண்டு மாத்திரைகளும் ஒருநாள்கூட விடுபடக் கூடாது. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதங்கள் இரண்டையும் சேர்த்தே தருவோம். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திடீரென அடைத்துக்கொள்ளலாம், உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்க வேண்டியிருந்தாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

வலி இல்லாதபோது 'சரியாகிவிட்டது' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஸ்டென்ட் சரிசெய்தது அடைபட்ட அந்த ஓர் இடத்தை மட்டும். மற்ற இடங்களில் கொழுப்பு படிவதைத் தடுப்பது மாத்திரையும் சாப்பாடும் நடையும்தான். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைய பரபரப்பில் இதைச் சொல்லியிருந்தாலும் மனதில் நின்றிருக்காது. அடுத்த செக்கப்பில் இதய ரத்தக் குழாய்களைக் காட்டும் அவருடைய ஆஞ்சியோகிராம் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஏன் விடுகிறார் என்று கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். வயிற்றெரிச்சல், உடம்பு வலி, அசதி, மாத்திரைச் செலவு என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். டிகாக்ரெலர் சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். தாம்பத்தியத்தில் சிரமம் என்றால் மகளிடம் எப்படிச் சொல்வார்? அதனால் மருத்துவரிடம் சிறிது நேரம் தனியாகப் பேச விடுங்கள். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவதும் சகஜம். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்றால் அதற்கும் சிகிச்சை தேவை. இவை எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு, நாங்கள் செய்து தருவோம். அவராக நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து.

என் அனுபவத்தில், வீட்டார் காவல் காக்கும் வீடுகளைவிட, பொறுப்பை நோயாளியே எடுத்துக்கொண்ட வீடுகளில்தான் பழக்கம் நிலைக்கிறது. கிழமை போட்ட மாத்திரை டப்பாவை ஞாயிறுதோறும் அவரே நிரப்பட்டும். வீட்டில் பி.பி. பார்த்து அவரே ஒரு நோட்டில் எழுதட்டும். 130/80-க்குள் இருப்பது நல்லது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே வர வேண்டும். எண் இறங்குவதைத் தானே பார்த்தால் மாத்திரை மேல் நம்பிக்கை வரும். எத்தனை வேளை மாத்திரை என்பதைக் குறைக்க முடியுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளை இரவில்தான் போட வேண்டும் என்றில்லை.

நடைக்குத் துணை வேண்டும். தெருவில் ஒரு நண்பர் தினமும் வாசலில் வந்து கூப்பிட்டால் போதும், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்துவிடுவார். சாப்பாட்டில் அவருக்கு மட்டும் உப்பில்லாத தனிக் குழம்பு வைக்காதீர்கள், தண்டனை போலத் தோன்றும். வீட்டுக்கே உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன்தான் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதில் அடக்கம். பீடி, சிகரெட் இருந்தால் முழுக்க விட வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, திடீர் வியர்வை என்றால் வாயுத் தொல்லை என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.