விருப்ப விலைக்குப் பரிசு வைத்தால் வசூல் கூடுமா?

கேள்வி: தருமபுரியில் சிறிய உணவகம் நடத்துகிறேன். சனிக்கிழமை மதியம் மட்டும் களி, கீரைக் கடையல், கருவாட்டுக் குழம்புச் சாப்பாட்டுக்கு விலை வைக்காமல், விரும்பியதைக் கொடுக்கச் சொல்கிறோம். அடக்கம் 55 ரூபாய். சராசரியாக 70 ரூபாய் வருகிறது. 100 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்குச் சுழற்றிப் பரிசு பெறும் சக்கரமும், எல்லோருக்கும் முத்திரை அட்டையும் (சாப்பாட்டுக்கு ஒரு முத்திரை, எட்டு முத்திரை சேர்ந்தால் ஒன்பதாவது இலவசம்) வைக்கலாம் என்கிறான் மகன். செய்யலாமா?

பதில்: சக்கரத்தை இப்போதே விட்டுவிடுங்கள், அம்மா. பொருள் வாங்கியவர்களில் யாருக்குப் பரிசு என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்யும் திட்டங்களை, 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சில செல்பேசிச் செயலிகளின் பரிசுகள் தமிழ்நாட்டில் வசிப்போருக்குக் கிடையாது என்பதும் இதனால்தான்.

முத்திரை அட்டைக்கு வலு உண்டு. அமெரிக்காவில் கார் கழுவும் நிலையமொன்றில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், 8 கட்டமும் காலியான அட்டை பெற்றவர்களில் 19 சதவீதத்தினரும், 10 கட்டத்தில் 2 முன்பே குத்தப்பட்ட அட்டை பெற்றவர்களில் 34 சதவீதத்தினரும் அட்டையை நிறைவு செய்தனர்; இருவருக்கும் நிரப்ப வேண்டியவை எட்டுக் கட்டங்களே. ஆனால் அது மீண்டும் வரவழைக்கும் உத்தியே தவிர, ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுக்க வைப்பதன்று. உங்கள் கணக்கில், எட்டுச் சாப்பாட்டில் மிஞ்சும் 120 ரூபாயிலிருந்து ஒன்பதாவது இலவசச் சாப்பாட்டின் 55 ரூபாயைக் கழித்தால், சாப்பாடு ஒன்றுக்கு 15 ரூபாயாக இருந்த மிச்சம் ஏறத்தாழ 7 ரூபாயாகிவிடும். பத்து ரூபாய் கொடுப்பவரும் அதே முத்திரையைப் பெறுவார்.

100 ரூபாய் வரம்புதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. 2010-இல் தொடங்கிய ஹம்பிள் பண்டில் என்ற இணையதளம், கணினி விளையாட்டுகளை விருப்ப விலைக்கு விற்று, சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு மேலும் சில விளையாட்டுகளைத் திறந்துவிட்டது. இன்னொரு பிரதி கொடுப்பதால் அவர்களுக்குச் செலவு அநேகமாக ஏதுமில்லை. உங்களுக்கோ ஒவ்வொரு தட்டும் செலவு. தவிர, வரம்பு என்று ஒன்றை எழுதி வைத்தவுடன் அதுவே விலையாகிவிடுகிறது: 90 கொடுத்தவர் 100-க்கு ஏறலாம், மனமுவந்து 150 கொடுத்தவரோ 100 போதும் போலிருக்கிறது என்று இறங்கிவிடலாம், 60 கொடுக்கும் கூலித் தொழிலாளி கூச்சப்பட்டு வராமலே போகலாம். ஆகவே யுபிஐ வரவுப் பட்டியலில் 80 முதல் 99 வரை கொடுத்தவர்கள் எத்தனை பேர், 100-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். பின்னவர்களே அதிகமென்றால் வரம்பு வேண்டாம்.

முன்னவர்கள் அதிகமென்றால், வரம்பைத் தாண்டியவருக்கு நிச்சயமாக ஒரு கேழ்வரகு உருண்டை என்று இரண்டு மாதங்களுக்கு ஒரு சனி விட்டு ஒரு சனி கொடுத்துப் பாருங்கள். சராசரியைப் பார்த்து மயங்காமல், மொத்த வசூலிலிருந்து சாப்பாட்டுச் செலவையும் உருண்டைச் செலவையும் கழித்து மிஞ்சுவதை மட்டும் ஒப்பிடுங்கள். உருண்டை கொடுத்த நாள்களில் அது கூடவில்லை என்றால் உண்டியலும் க்யூஆர் அட்டையும் மட்டும் இருக்கட்டும்.