பெரிய எழுத்தாளர்கள் மற்ற எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அவர்கள் திட்டினால் பாதி நம்புங்கள். புகழ்ந்தால், எதைப் புகழ்கிறார்கள் என்று உன்னிப்பாகப் பாருங்கள். இதுதான் என் பதில்.

ஷேக்ஸ்பியரைப் பற்றி ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாய் எழுதிய நீண்ட கட்டுரை 1906இல் வெளிவந்தது. 'லியர் அரசன்' நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் போட்டு, இதில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். அதை வாசித்துவிட்டு ஷேக்ஸ்பியரைக் கைவிட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் கலையிடம் டால்ஸ்டாய் என்ன கேட்டார் என்பது நன்றாக விளங்கும்.

இன்னொரு ரஷ்ய எழுத்தாளரான செகாவின் 1899ஆம் ஆண்டுக் கதையைப் பற்றி அவர் எழுதியது இதைவிடச் சுவாரசியம். கதையின் தலைப்பு 'துஷெச்கா', நம் 'கண்ணம்மா' மாதிரியான ஒரு செல்லப்பெயர். அதில் வரும் ஓலென்காவுக்குச் சொந்தக் கருத்தே கிடையாது. நாடகக் கொட்டகைக்காரரைக் கட்டினால் நாடகப் பேச்சு. அவர் செத்து மரவியாபாரியைக் கட்டினால் கனவிலும் பலகைதான். செகாவ் இவளைக் கேலி செய்யத்தான் தொடங்கினார் என்பது டால்ஸ்டாயின் எண்ணம். பைபிளில் பிலேயாம் சபிக்கப் போய் ஆசீர்வதித்தது போல, செகாவும் அவளை வாழ்த்திவிட்டார் என்று பின்னுரை எழுதினார். எழுதியவரே நினைக்காத ஒன்றைக் கதைக்குள் கண்டெடுக்க, அதே வேலையைச் செய்து பழகிய கண் வேண்டும்.

அதே கண்ணுக்குச் சில தப்பியும் போகும். எங்கள் ஊர் வாசிகசாலையில் இதைப் பற்றிக் கதைத்தபோது ஓர் அக்கா கதையின் முடிவைக் காட்டினார். ஓலென்கா உயிராய் வளர்க்கும் சாஷா தூக்கத்தில் "வெளியே போ" என்று கத்துகிறான். "உந்தப் பெடியன்ர சத்தம் அந்தக் கிழவனுக்குக் கேக்கேல்லைப் போல" என்றார் அக்கா. பெண்ணென்றால் அன்பும் அர்ப்பணிப்பும்தான் என்ற பிடிவாதம் டால்ஸ்டாயின் காதை அடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில், அதாவது ஈழத்தில், புங்குடுதீவு மு. தளையசிங்கத்தின் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற விமர்சன நூலைச் சொல்வேன். அவரும் கதை எழுதியவர். இடதுசாரி எழுத்தாளர்களின் முற்போக்கு அணி ஓங்கி நின்ற காலத்தில் அதன் எழுத்தைக் கடுமையாக விமர்சித்தார். எல்லாத் தீர்ப்போடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒவ்வொரு தீர்ப்பிலும் தான் அடுத்து எழுத விரும்பியது எது என்பதையும் அவர் சொல்லிக்கொண்டே போகிறார். அதற்காகவே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

ஓலென்கா கதையை முதலில் வாசியுங்கள், டால்ஸ்டாயை அப்புறம் பார்க்கலாம்.