மேடை கொஞ்சம், வகுப்பறை மீதி: கிட்டார் கேள்வி–பதில்

கிளாசிக்கல் கிட்டார் பற்றியும், மெக்சிகோ கலைஞர்கள் அயல்நாடுகளில் காலூன்றும் விதம் பற்றியும் தில்லித் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. இங்கே ஒரு மெக்சிகோ கலைஞரிடம் கிட்டார் கற்கிறான். "சார் மெக்சிகோவில் படித்தார், ஸ்பெயின் போனார், இப்போது ஊர் ஊராக வாசிக்கிறார். நானும் அதே மாதிரி போகிறேன்" என்கிறான். போக முடியுமா?
(வாசகி, மயூர் விஹார்)

வாசிப்பில் முடியும். பாஸ்போர்ட்டில் முடியாது. மெக்சிகோக்காரர் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) 90 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். ஒரு போட்டிக்குப் போய், அப்படியே இரண்டு ஆசிரியர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு ஊர் திரும்பலாம். உங்கள் மகனுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் விசா வேண்டும். ஸ்பெயினில் இன்னொரு சலுகையும் அவர்களுக்கு உண்டு. லத்தீன் அமெரிக்க நாட்டவர் சட்டப்படி 2 ஆண்டு வசித்தாலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நமக்கு 10 ஆண்டு. அதிலும் மாணவராகத் தங்கிய காலம் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் படிப்பு முடியும்போது "இரண்டு வருஷம் ஆயிற்றே" என்று போய் நிற்பவர்கள் உண்டு.

ஆகவே ஸ்பெயினை விட ஜெர்மனி உங்களுக்குத் தோதானது என்பது எங்கள் கருத்து. அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் (செமஸ்டர்) கட்டணம் மட்டும்தான். ஆனால் பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலம் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஃப்ரைபுர்க் எல்லாம் அங்கேதான்) ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. விண்ணப்பிக்கும்போது அன்றைய தொகையைத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் வழுக்குவது நுழைவுத் தேர்வில். கிட்டார் தேர்வின் எட்டாம் கிரேடு சான்றிதழோடு போனால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். அது வாசல்படி மட்டும்தான். தேர்வில் வெவ்வேறு காலத்துப் படைப்புகள் கேட்பார்கள்: இசையமைப்பாளர் பாக் லூட்டுக்கு (பழைய தந்திக்கருவி) எழுதிய தொகுப்பிலிருந்து ஒரு பகுதி, கிட்டார் இசையமைப்பாளர்கள் சோர் அல்லது ஜூலியானி எழுதியது ஒன்று, இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று என்ற மாதிரி. மூன்றுமே ஸ்பானிய இனிப்பாக இருந்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதோடு ஸ்வரத்தைக் காதால் கேட்டு எழுதும் தேர்வு, இசைக் கோட்பாடு, பல இடங்களில் துணைப்பாடமாகப் பியானோ. நம் பிள்ளைகள் கிட்டாரில் தேறி, காதுத் தேர்வில் கோட்டை விடுகிறார்கள். இன்றிலிருந்து தினம் இருபது நிமிடம் கேட்டு எழுதிப் பழகட்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆசிரியருக்கு எழுதி ஒரு மாதிரி வகுப்பு கேட்பது அங்கே வழக்கம். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். போட்டியில் முதல் பரிசு வென்றால் பாதை திறக்கும். அமெரிக்க கிட்டார் அறக்கட்டளைப் போட்டியில் வென்றவருக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கச்சேரிகளும் நாக்சோஸ் நிறுவன ஒலிப்பதிவும் கிடைக்கின்றன. ஆனால் அது ஆண்டுக்கு ஒருவருக்கு. மற்றவர்கள் வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறார்கள், கச்சேரி வார இறுதியில். ஜெர்மனியில் சுயதொழில் கலைஞர்களுக்குக் கேஎஸ்கே என்ற சமூகக் காப்பீட்டு அமைப்பு இருக்கிறது. ஆண்டு வருமானம் 3,900 யூரோவைத் தாண்டினால் சேரலாம், இசை ஆசிரியர்களும் அதில் அடக்கம். மருத்துவம், ஓய்வூதியச் சந்தாவில் கலைஞர் கட்டுவது ஏறக்குறையப் பாதிதான். அமெரிக்காவில் மெக்சிகோவுக்கும் சலுகை கிடையாது: வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்த விசாவின் தொழில் பட்டியலில் இசைக்கலைஞர் இல்லை. அவர்களும் நம்மைப் போல ஓ–1 (அசாதாரணத் திறமையாளர்களுக்கானது) மாதிரி விசாவுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: மெக்சிகோவின் பராச்சோவில் செய்த கிட்டார் ஒன்று கிடைத்தது. ஜனவரியில் ஃப்ரெட் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகள் கையைக் கீறுகின்றன. ஆகஸ்டில் தந்திகள் உயர்ந்து விரல் நோகிறது. செய்தவர் பிழையா?
(வாசகர், முனிர்க்கா)

இல்லை, தில்லியின் பிழை. பராச்சோ, மிச்சோவாகான் மாநிலத்தில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர். ஊரே கிட்டார் செய்து பிழைக்கிறது. அங்கத்திய காற்றுக்கு உலர்ந்த மரம் இங்கே வந்து ஆண்டுக்கு இரண்டு முறை சுருங்கி விரிகிறது.

ஜனவரி மூடுபனியில் வெளியே ஈரம்தானே என்று கேட்பீர்கள். 8 டிகிரிக் காற்றில் 90 சதவீத ஈரப்பதம் இருந்தாலும், ஹீட்டர் போட்டு அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அது முப்பது சொச்சத்துக்கு இறங்கிவிடும். விரல் பலகை குறுக்கே சுருங்குகிறது, ஃப்ரெட் உலோகம் சுருங்குவதில்லை, அதனால் முனை வெளியே நீட்டுகிறது. அதை உடனே அரம் போட்டுத் தேய்க்காதீர்கள்; முதலில் ஈரத்தைச் சரிசெய்து இரண்டு வாரம் பாருங்கள். கீறல் என்பது எச்சரிக்கை மணி. அடுத்தது மேல்பலகை வெடிப்பு. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான் அந்தப் பலகை. லூ என்ற அனல்காற்று அடிக்கும் மே மாதமும் இதே கதைதான்.

இலக்கு 45 முதல் 55 சதவீதம். நானூறு ரூபாய் டிஜிட்டல் ஈரமானி போதும், ஆனால் அதன் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் சமையல் உப்பு, அது கரையாமல் சேறாகும் அளவு சில சொட்டுத் தண்ணீர். மூடியையும் மானியையும் ஜிப் பையில் போட்டு இறுக மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி 6 குறைவாகச் சொல்கிறது. அந்த ஆறை மனதில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வறண்ட காலத்துக்கு ஒரு சோப்பு டப்பாவில் துளை போட்டு, பிழிந்த ஸ்பாஞ்சை வைத்துப் பெட்டிக்குள், தலைப்பகுதிக்குக் கீழே வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரின் உப்பு ஸ்பாஞ்சை அடைத்துவிடும். சொட்டும் ஸ்பாஞ்சு மரத்தைக் கறையாக்கும். வெட்டிவேர் கூலர் ஓடும் அறையில் இது தேவையே இல்லை. அங்கே ஈரம் 65-ஐத் தாண்டக்கூடும், கிட்டாரை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பெட்டிக்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் உலர்த்தினால் மறுபடி உழைக்கும். தந்தி உயரம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்திக்கு 4 மில்லிமீட்டர், முதல் தந்திக்கு 3 என்பது பொதுவான அளவு. மழையில் மேல்பலகை உப்பி இது ஏறிவிடும். சாடிலை (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) தேய்த்துக் குறைத்தால் குளிர்காலத்தில் தந்தி இரையும். எனவே இரண்டு சாடில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்குத் தாழ்ந்தது, குளிருக்கு உயர்ந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். தேய்ப்பது அடிப்பக்கத்தில், தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில்.

கேள்வி: எட்டு வருடம் வீணை. இப்போது மெக்சிகோ இசையமைப்பாளர் போன்சேயின் படைப்புகளை வாசிக்க ஆசை. எங்கே தொடங்க?
(மாணவி, ஆர்.கே. புரம்)

மானுவேல் போன்சே (1882–1948) கிட்டார் கலைஞரே அல்ல, பியானோக்காரர். 1923-இல் மெக்சிகோ வந்த ஸ்பானிய கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவைச் சந்தித்த பிறகுதான் கிட்டாருக்கு எழுதத் தொடங்கினார். 1925-இல், நாற்பது கடந்த பேராசிரியர், பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் துக்காவிடம் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். கிட்டார் உலகம் இன்றும் வாசிக்கும் பெரிய படைப்புகளில் பல அந்த அயல்வாழ்க்கையில் பிறந்தவை. செகோவியாவுக்காக ஒரு தொகுப்பைப் பழைய பாணியில் எழுதி, பதினெட்டாம் நூற்றாண்டு லூட் கலைஞர் வைஸ் பெயரில் உலவ விட்டதும் இவர்தான், பலரும் ஏமாந்தார்கள்.

ஆறு சிறு பிரெலூடுகளில் தொடங்குங்கள், பிறகு மூன்று மெக்சிகோ நாட்டுப் பாடல்கள். 1929-இன் ஃபோலியா மாறுபாடுகளை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

வீணைக்கை தரும் தொல்லை இடக்கையில் வரும். நீங்கள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரம் ஏற்றிப் பழகியவர். நைலான் தந்தி அப்படி ஏறாது, சுருதி கலங்கும். இங்கே அசைவு தந்தியின் நீளவாக்கில். வலக்கை நகம் விரல் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். கண்ணாடி அரத்துக்குப் பிறகு 2000 எண் தண்ணீர் உப்புத்தாளில் விளிம்பைத் தேய்க்காவிட்டால் ஒலி கரகரக்கும்.

தாளத்தில் உங்களுக்குத்தான் ஆதாயம். மெக்சிகோவின் சோன், உவாபாங்கோ நடையில் ஆறு எண்ணிக்கை ஒரு சுற்றில் மூன்று மூன்றாகவும் அடுத்ததில் இரண்டிரண்டாகவும் பிரியும். ஐரோப்பிய மாணவர்கள் இதற்கு மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். நீங்கள் "தகிட தகிட – தக தக தக" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் வாசியுங்கள். வேகம் மாறாமல் பார்த்துக்கொண்டால் முடிந்தது.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் மெக்சிகோ கிட்டார் கலைஞர் ஒருவரை வாசிக்க வைக்கிறோம். பணம் எப்படிக் கொடுப்பது? மைக் எப்படி வைப்பது?
(சங்கச் செயலர், துவாரகா)

முதலில் விசாவைப் பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் சன்மானத்துக்கு வாசிக்கக் கூடாது. வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இதே மனிதர் ஸ்பானிய மொழி கற்பிக்க வந்தால் அந்த வரம்பு இல்லை. கிட்டார் கற்பிக்க வந்தால் உண்டு. வேடிக்கைதான், ஆனால் விதி அது. வரிக்கணக்கில் இந்தியவாசி அல்லாத வெளிநாட்டுக் கலைஞர் என்றால் கொடுக்கும் முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். கவரில் ரொக்கம் வைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் ஆடிட்டரிடம் ஓடாதீர்கள்.

மைக்கை ஒலித்துளைக்கு நேரே நீட்டினால் 'பூம்' என்று இரையும். ஒரு கண்டென்சர் மைக், கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, 30–40 சென்டிமீட்டர் தள்ளி. கைப்பிடி இல்லாத நாற்காலி. வாசிக்கும்போது மேடைக்கு மேலுள்ள மின்விசிறி நிற்கட்டும். பொங்கல் பானைப் புகையும் அந்தப் பக்கம் போகாமல் இருக்கட்டும்.

கேள்வி: விமானத்தில் கிட்டாரை எடுத்துப்போக?
(வாசகர், கரோல் பாக்)

உள்நாட்டில் கைப்பையின் நீள அகல உயரக் கூட்டுத்தொகை 115 செ.மீ. கிட்டார்ப் பெட்டியின் நீளமே 100-ஐத் தாண்டும். ஆகவே கூடுதல் இருக்கை வாங்குங்கள், அல்லது கெட்டிப் பெட்டியில் சரக்கறைக்கு அனுப்புங்கள். உடைவது பெரும்பாலும் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடம். தலையைச் சுற்றியும் கழுத்துக்கு அடியிலும் துண்டு திணித்து அசையாமல் செய்து, தந்திகளை ஒரு ஸ்வரம் தளர்த்துங்கள். இறங்கியதும் ஒரு மணி நேரம் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

வெளிநாடு என்றால், போகும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது புதிதாக வாங்கியதாகக் கருதித் தீர்வை கேட்கலாம். பின்பலகை நம் ஈட்டி மரம் என்றால் சிக்கல் இல்லை, 2019 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு சைட்டிஸ் (அருகும் உயிரினங்களின் வணிக ஒப்பந்தம்) விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் என்றால் அந்த விலக்கு பொருந்தாது, சான்றில்லாமல் எல்லை தாண்டாதீர்கள்.