பதில்: அப்பாவோடு மில்வாக்கி போகலாமா, கார் இல்லையே

ஜூலையில் அப்பா அம்மாவோடு, கார் இல்லாமல் மில்வாக்கி போய்வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஹயவாதா ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான்; கார் இல்லையென்று தயங்க வேண்டாம். இறங்கிய இடத்திலிருந்தே 'ஹாப்' டிராம் கிடைக்கும், டிக்கெட் வேண்டாம், இலவசம்தான்.

அப்பா லேத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் அவரை க்ரோமன் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். பலரும் தவறவிடும் இடம். முழுக்க உழைப்பைப் பற்றிய ஓவியங்களும் சிலைகளும்தான்: உலைக்கு முன்னால் நிற்கும் கொல்லர், சுரங்கத் தொழிலாளர், மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கும் பெரிய வெண்கல உருவங்கள். தன் கைவேலையை இன்னொருவர் இவ்வளவு மரியாதையாக வரைந்திருப்பதை அவர் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அடுத்து ஹார்லி டேவிட்சன் மியூசியம். ஸ்டேஷனுக்குப் பின்புறம் 6வது தெருப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். 'சீரியல் நம்பர் ஒன்' என்கிற பழைய வண்டி அங்கேதான் இருக்கிறது.

சம்மர்ஃபெஸ்ட் என்கிற ஏரிக்கரை இசை விழா 1968 முதல் நடக்கிறது. இப்போது வியாழன் முதல் சனி வரை, மூன்று வாரம். அம்மாவுக்குச் சத்தம் ஆகாது என்கிறீர்களே, மதியம் கதவு திறந்ததும் போய்விட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். பெரிய கச்சேரிகள் எல்லாம் ராத்திரிதான். பக்கத்திலேயே ஆர்ட் மியூசியம்: அது திறந்திருக்கும் நாளில், காற்று பலமாக இல்லையென்றால், நண்பகல் 12 மணிக்கு அதன் கூரைமேல் இருக்கும் 217 அடி அகல இறக்கை போன்ற வெயில் மறைப்பு மடங்கி விரியும். வெளியே நின்றே பார்க்கலாம்.

ஜூலை என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். மிச்சிகன் ஏரிக் காற்று சாயங்காலம் நன்றாகவே குளிரும்.