பிள்ளைகளுக்குச் செய்நிரலாக்கம்: கேள்வி பதில்

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஐயா, என் மகளுக்கு எட்டு வயது. எதில் தொடங்கலாம்?

பதில்: ஸ்கிராச்சில் தொடங்குங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட இம்மொழியில் கட்டளைத் துண்டுகளைப் பொருத்தினாலே செய்நிரல் உருவாகிவிடுவதால், எழுத்துப்பிழையால் பிள்ளை முதல் நாளே சோர்ந்துபோவதில்லை. கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை.

கேள்வி (மருதமுனை): மீளச்செய்தல் என்பதை என் மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் ஊரிலேயே அதற்கான பாடம் இருக்கிறது. கைத்தறிச் சேலையின் கரையை அவர் முன் விரித்து, திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பகுதி எது, அது எத்தனை தடவை வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரே கட்டளையை இத்தனை தடவை செய் என்று கணினிக்குச் சொல்வதே மீளச்செய்தல்; ஆகவே அந்த இரண்டும் தெரிந்தால் மீளச்செய்தல் தெரிந்துவிட்டது. பிரான்சில் 1804இல் ஜக்கார்ட் என்பவர் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டே பூவேலையை நெய்தது. பின்னாளில் கணினிக்குக் கட்டளை கொடுக்கவும் துளை அட்டைகளே பயன்பட்டன.

கேள்வி (ஆரையம்பதி, ஆசிரியை): பிழை வந்தவுடன் "டீச்சர், இது வேலை செய்யுதில்லை" என்கிறார்கள். நேரம் போதாமையால் நானே திருத்திக் கொடுக்கிறேன். இது சரியா?

பதில்: சரியன்று, அம்மா. தயவுசெய்து மவுசைத் தொடாதீர்கள். பிழையைத் தேடுவதுதான் இக்கல்வியின் உயிர். என் வகுப்பில் ஒரு மாணவன் சமபக்க முக்கோணி வரைய, "முன்னே செல், 60 பாகை திரும்பு" என்பதை மூன்று தடவை கொடுத்தான். வந்ததோ மூடாத உருவம், அறுகோணியின் பாதி. முக்கோணியின் கோணம் 60 என்று கணிதத்தில் படித்தவன் அவன். தன் பிழை அவனுக்குத் தெரியவில்லை. நான் விடை சொல்லாமல், தரையில் சுண்ணக்கட்டியால் முக்கோணி ஒன்றை வரைந்து அதன்மேல் நடக்கச் சொன்னேன். மூலையில் நின்று உடலைத் திருப்பியபோதுதான், தான் திரும்புவது உட்கோணத்தால் அன்று, புறக்கோணமாகிய 120 பாகையால் என்பதை அவனே கண்டுகொண்டான். கணினிக் கல்வியாளர் சீமோர் பாப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967இல் உருவாக்கிய லோகோ என்ற செய்நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஆமையும் பிள்ளையை இவ்வாறே தன் உடலால் சிந்திக்க வைத்தது. எதை எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, இரண்டும் எந்த இடத்தில் பிரிந்தன என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் மாதம் பாடம் மெதுவாகவே நகரும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): பைத்தானுக்கு எப்போது மாறலாம்?

பதில்: பைத்தான் கட்டளைகளை எழுத்தில் தட்டச்சிடும் மொழி. ஸ்கிராச்சில் தான் செய்ததைப் பிறர் உதவியின்றி விளக்கக்கூடிய பிள்ளைக்கு, பன்னிரண்டு வயதளவில் அது பொருந்தும். பைத்தான் 3இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைக் குறித்துவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயரிடலாம். "மதிப்பெண்" என்று எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும், அவை சிலவே.