பதினாலு சாஃப்ட்வேர் படித்தால் இன்டீரியர் டிசைனரா?

போன மாதம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா பனியன் கம்பெனியில் இருபது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டிலேயே பீஸ் வாங்கிப் பிசிர் வெட்டித் தருகிறார். மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அப்பா கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ். 'மாஸ்டர் டிப்ளமோ' என்று பெரிதாகப் போட்டு, கீழே பதினாலு சாஃப்ட்வேர்களின் சின்னங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

"பாப்பா இன்டீரியர் படிக்கணும்ங்கறா சார். பெங்களூர்ல இருக்கிற அவ மாமா, இந்தக் கோர்ஸ்தான் நல்லதுன்னு சொல்லிட்டாருங்க. கோர்ஸ் ஃபீஸ் ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். அது போக லேப்டாப் ஒரு லட்சத்துக்கு மேல வேணுமாம். அதுதான் கொஞ்சம் ரோசனையா இருக்குதுங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. கையில் கிடந்த வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த லேப்டாப் எதை அடகு வைத்து வரப்போகிறது என்று கேட்காமலே தெரிந்தது.

முதல் அஞ்சு நிமிஷம் நானும் வழக்கம்போல "பயப்படாதீங்க, நல்ல துறைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்த நோட்டீஸை வாங்கிப் படித்தேன். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், 3டிஎஸ் மேக்ஸ், வி-ரே, லூமியன், ரெவிட், ஃபோட்டோஷாப் என்று போய், கடைசி மூன்று இடங்களில் வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட். எண்ணிக்கைக்காகச் சேர்த்தது. இவ்வளவும் ஆறே மாதத்தில். இதற்கு மேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. "இந்தக் கோர்ஸில் சேர்க்காதீர்கள்" என்றேன்.

இந்த நோட்டீஸ் எல்லாம் எதைக் காட்டி ஆள் பிடிக்கிறது என்று பாருங்கள். ரெண்டர் படம், அதாவது கட்டாத அறையைக் கம்ப்யூட்டரிலேயே போட்டோ மாதிரி போட்டுக் காட்டுவது. சோபா மேல் வெயில் விழுகிறது, கண்ணாடி ஜன்னலில் மரம் தெரிகிறது, நிஜ வீட்டை விட அழகு. இந்தப் படம் போடும் வேலைக்கு மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தனித் தொழில். அதில் நன்றாக வருகிறவர்கள் ஒளி, நிழல், கேமரா என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பழகியவர்கள். ஆறு மாதத்தில் பதினாலில் ஒன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது, அந்த சாஃப்ட்வேரைத் திறந்து மூடத் தெரிந்ததற்கு ஒரு சான்றிதழ். ரெவிட்டும் அப்படித்தான். பெரிய கட்டடங்கள், பெரிய அலுவலகங்கள் செய்கிற நிறுவனத்தில் அது அவசியம். திருப்பூரில் மூன்று பெட்ரூம் வீட்டுக்கு அலமாரி போட்டுத் தருகிற இடத்தில் அதைத் திறக்கவே மாட்டார்கள்.

பி.ஆர்க், பி.டெஸ் மாதிரி கட்டடக்கலை, வடிவமைப்புப் பட்டப்படிப்புகள் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு வழி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 'இன்டீரியர் டிசைனர்' என்று போட்டுக்கொள்ள இந்த நாட்டில் அப்படி எந்தப் பதிவும் வேண்டியதில்லை. அதனால் 'இந்த டிப்ளமோ இல்லாவிட்டால் வேலை செய்யவே முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். என் மேஜையின் பக்கவாட்டு டிராயர் கொஞ்ச நாளாகவே பாதியில் சிக்கிக்கொள்ளும். அதை மெதுவாக இழுத்தாள். தள்ளினாள். மறுபடி இழுத்து, குனிந்து அடியில் பார்த்தாள். "சேனல் ஒரு பக்கம் தூக்கிட்டு இருக்குதுங்க சார்" என்றாள். வந்து முக்கால் மணி நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

போனில் என்ன படம் எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அழகான அறைகள் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அலமாரியின் உள்பக்கம், மடக்குக் கட்டிலின் கீல், பஸ் சீட்டுக்கு அடியில் போல்ட் போட்ட இடம். அட்டைப்பெட்டியை வெட்டி, பசையே இல்லாமல் மடித்து நிற்கிற மாதிரி ஒரு புத்தக அடுக்கு செய்திருக்கிறாள், அதுவும் இருந்தது. மாமா இவளை வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து கலர் கார்டு காட்டுகிற டிசைனராக்கப் பார்க்கிறார். நிறைய இன்டீரியர் கம்பெனிகளில் டிசைனர் என்ற பெயரில் நடப்பது விற்பனை வேலை, மாதாமாதம் டார்கெட்டோடு. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற பெண்ணை அங்கே தள்ளக்கூடாது. இதை அவள் அப்பாவிடம் அப்படியே சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை.

அவளுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. எந்த நோட்டீஸிலும் அதன் பெயர் வராது. சிலர் ஷாப் டிராயிங் என்பார்கள், சிலர் புரொடக்‌ஷன் டிராயிங் என்பார்கள். டிசைனர் போட்ட அழகான படத்துக்கும், ப்ளைவுட் அறுக்கிற மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆள். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து சரி என்று தலையாட்டிவிடுவார். படத்தைப் பார்த்து மரத்தை அறுக்க முடியுமா? எத்தனை துண்டு, எந்த நீளம், எந்த அகலம், எந்த ஓரத்தில் பட்டி ஒட்ட வேண்டும், கீலுக்கு ஓட்டை எங்கே என்று ஒரு தாளில் வர வேண்டும். அதுதான் கட்டிங் லிஸ்ட்.

ஒரே ஒரு டிராயர் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். சமையலறை மேடைக்குக் கீழே, 600 மில்லிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். அப்படியானால் உள்ளகலம் 564. டிராயர் ஓடுகிற டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்குச் சுமார் 13, இரண்டு பக்கமும் சேர்த்து 26 விட வேண்டும். ஆக டிராயர்ப் பெட்டியின் வெளியகலம் 538. கணக்கு சரிதானே?

தப்பு. ப்ளைவுட்டை யாரும் பச்சையாக விடுவதில்லை. வெளியே 1 மில்லிமீட்டர் மைக்கா, உள்ளே 0.8-ல் லைனர் ஒட்டினால் 18 என்பது 19.8 ஆகிவிடும். இரண்டு பக்கத்துக்கும் கழித்தால் உள்ளகலம் 560.4. டிராயர் 534.4-தான் இருக்க வேண்டும். 538-க்கு அறுத்தால் சேனலுக்குக் கிடைப்பது மொத்தமே 22.4. டிராயர் உள்ளே போகாது. போனாலும் என் மேஜை மாதிரி பாதியில் நிற்கும். போதாக்குறைக்கு, 18 என்று விற்கிற ப்ளைவுட்டை வெர்னியர் வைத்து அளந்தால் பல நேரம் 17 சொச்சம் காட்டும். ரெண்டரில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. அங்கே எல்லா டிராயரும் அழகாகத் திறக்கும்.

அடுத்தது ஷீட். எட்டுக்கு நாலு அடி ஷீட் என்பது 2440-க்கு 1220. பக்கப் பலகை ஒன்று 720-க்கு 560 என்றால், அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று, ஆக ஒரு ஷீட்டில் ஆறு கிடைக்கும். மூன்று யூனிட்டுக்கான பக்கங்கள் முடிந்தன. ஓரத்தில் சுமார் 270 மில்லிமீட்டரில் ஒரு துண்டு மிஞ்சும். ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று, நாலு மில்லிமீட்டர் தின்னும், அதையும் கழித்துத்தான் சொல்கிறேன். அந்த மிச்சத்தில் யூனிட்டின் இரண்டு பக்கங்களையும் மேலே இணைக்கிற மேல்பட்டை, 100 மில்லிமீட்டர் அகலத்தில் நாலு எடுத்துவிடலாம். ஆனால் மர வரி போட்ட மைக்கா என்றால் துண்டை இஷ்டத்துக்குத் திருப்பிப் போட முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கதவில் ஒன்றில் வரி நிமிர்ந்தும் இன்னொன்றில் படுத்தும் இருந்தால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

இந்த இடத்தில் அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "அப்ப இது மார்க்கர் போடறதுதானுங்களே சார்!"

அதேதான். துணியில் பேட்டர்னை நெருக்கி அடுக்கி, இழை திரும்பாமல் பார்த்து, மிச்சம் குறைத்து வெட்டுகிறாரே, அந்த வேலையைத்தான் மகள் மரத்தில் செய்யப்போகிறாள். இருபது வருஷம் கட்டிங் டேபிளில் நின்றவர் வீட்டில் இருக்கும்போது, பெங்களூரிலிருந்து போனில் வருகிற யோசனை எதற்கு?

சரி, சாஃப்ட்வேர். முதலில் ஆட்டோகேட், அதுவும் 2டி மட்டும். 1982-ல் வந்தது, இன்றும் டிராயிங் கைமாறுவது அதன் கோப்பு வடிவத்தில்தான். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் படிப்பவருக்கு அதைத் தயாரிக்கிற ஆட்டோடெஸ்க் கம்பெனி இலவசமாகவே தருகிறது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். படிக்க மட்டும்தான், அதில் கூலிக்கு வேலை செய்யக்கூடாது. அடுத்து, 3டி-யில் வரைய ஸ்கெட்ச்அப். பிரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பு பழகப் போதும். ஒவ்வொரு பலகையையும் தனித்தனி உறுப்பாக, அதாவது காம்பொனன்ட்டாகப் போடப் பழக வேண்டும். மொத்தமாக ஒரு பெட்டி வரைந்து மேலே கலர் அடிப்பவன் கடைசி வரை படம்தான் போடுவான்.

கட்டிங் லிஸ்ட்டை முதல் மூன்று மாதம் கையால் எழுதட்டும். அந்த நோட்டீஸில் எண்ணிக்கைக்காகச் சேர்த்த எக்ஸெல்தான் இங்கே நிஜமாக உதவும். அப்புறம் ஓப்பன்கட்லிஸ்ட் என்று, ஸ்கெட்ச்அப்போடு சேர்த்துக்கொள்கிற ஓர் இலவச நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது. கணினியில் நிறுவுகிற ஸ்கெட்ச்அப்பில்தான் ஓடும், பிரவுசரில் ஓடாது. மாடலிலிருந்து அதுவே துண்டுகளை எண்ணி, ரம்பத்தின் தடிமனைக் கழித்து, வரி திரும்பாமல் ஷீட்டில் அடுக்கிக் காட்டிவிடும். ஆனால் மைக்காவைச் சேர்க்க மறந்தது நீங்கள் என்றால் அதற்குத் தெரியாது, தப்பையும் நேர்த்தியாக அடுக்கிக் கொடுக்கும். அதனால்தான் கையால் எழுதுவது முதலில். கேபினெட் விஷன், ஐமாஸ், இன்ஃபர்னியா மாதிரி தொழிற்சாலை சாஃப்ட்வேர்களைக் கம்பெனி வாங்கும், வேலையில் சேர்ந்து அங்கே படித்துக்கொள்ளலாம். ரெண்டர் ஆசை வந்தால் பிளெண்டர் இருக்கிறது. முழு இலவசம், சம்பாதிக்கவும் பயன்படுத்தலாம்.

லேப்டாப் விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். இந்த வேலைக்கு லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப் வேண்டாம். எஸ்எஸ்டி, விண்டோஸ், 8 ஜிபி ரேம், பின்னால் 16 ஆக்க இடம். இரண்டாம் கையாக இருந்தாலும் சரி. அதோடு சில நூறு ரூபாயில் சக்கரம் வைத்த மவுஸ் ஒன்று கட்டாயம், டச்பேடில் டிராயிங் போடுவது சித்திரவதை. வளையல் கையிலேயே இருக்கட்டும். கிராக் செய்த சாஃப்ட்வேரை யாராவது பென் டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். வைரஸ் ஒரு பக்கம், அதில் போட்ட டிராயிங்கோடு நாளைக்குக் கம்பெனியில் போய் மாட்டுவது இன்னொரு பக்கம்.

எங்கே படிப்பது? அரசு ஐடிஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் என்று இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. எந்த ஊர் ஐடிஐ-யில் என்று சேர்க்கை நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும், ஐடிஐ-க்கும் உண்டு. 'ஐடிஐ-யா, சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க' என்று அம்மா தயங்கினார். முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்றதும் கொஞ்சம் தெளிந்தார். அதோடு லீவு நாட்களில் தெரிந்த ஆசாரி பட்டறை ஒன்றில் உட்கார வேண்டும் என்றேன். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று மறுபடி தயக்கம். அது நியாயமான கவலைதான். முதல் சில நாள் அப்பா கூடப் போகட்டும், ஆனால் போகாமல் இருக்கக்கூடாது.

கிளம்பும் முன் இன்னொன்று செய்தோம். நோட்டீஸ் போட்ட அந்தப் பயிற்சி மையத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "உங்க ஸ்டூடண்ட் யாராவது போட்ட கட்டிங் லிஸ்ட் ஒண்ணு அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். "கட்டிங் லிஸ்ட்டா? அதெல்லாம் கார்பென்டர் பார்த்துப்பாங்க சார். நாங்க டிசைனிங் லெவல்" என்றது எதிர்முனை. அப்பா நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் மேஜை டிராயரை அளந்து கட்டிங் லிஸ்ட் எழுதி வா என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் ஏழு துண்டுகள், மைக்காவுக்கும் சேர்த்துக் கழித்திருக்கிறாள். பின்பலகையை மட்டும் மறந்துவிட்டாள். ஷீட் படத்தில் ஒரு துண்டை அடித்து, பென்சிலால் பக்கத்தில் நகர்த்தி வரைந்திருந்தது. அது யார் கை என்று கேட்டேன்.

"அப்பாதானுங்க சார். இப்படிப் போட்டா ஒரு பட்டை மிச்சம்ங்கறார்."

மாமா இன்னும் கோபத்தில் போன் எடுப்பதில்லையாம்.